யவனத் தேறலின் உண்மை விலை



நம் நாட்டில் நடைபெறும் தமிழ் விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் முழக்கம் ஒன்று உண்டு. "ரோமாபுரி மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்திய மன்னர்களின் வழித்தோன்றல்கள் நாம்!" என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். அரங்கம் கைதட்டும். மாணவர்களும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த பேச்சுப் போட்டியில் அப்படியே ஒப்புவிப்பார்கள். சிலர் ஒரு படி மேலே சென்று, கப்பல் கப்பலாக மது வந்து இறங்கியது என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் மது அருந்துபவன் அல்லன். பெர்மாஸ் ஜெயாவில் வாழும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மதுவைப் பற்றி எனக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். கவலை மதுவைப் பற்றியது அன்று, பெருமையைப் பற்றியது. பாலில் தண்ணீர் கலப்பதுபோல் பெருமையிலும் கலப்படம் நுழைந்துவிடுகிறது. அதைப் பருகி வளரும் பிள்ளை, பின்னொரு நாள் உண்மையை வேறொருவர் வாயிலாக அறியும்போது, நாம் சொல்லிக்கொடுத்த அனைத்தையும் ஐயுறத் தொடங்கும். ஆகவே, யவனர் கொண்டுவந்த அந்த மதுவை இக்கட்டுரையில் சற்றுப் பொறுமையாக எடைபோட்டுப் பார்ப்போம். அது எங்கிருந்து வந்தது? எவ்வளவு வந்தது? யார் குடித்தார்கள்? அதன் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது?

புலவர் தரும் சான்று

புறநானூற்றின் 56-ஆம் பாடல் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, ஒளிவளை அணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, நீ இனிது வாழ்வாயாக என்று புலவர் மன்னனை வாழ்த்துகிறார். தேறல் என்றால் தெளிந்த மது. சங்க இலக்கியத்தில் கள், நறவு, மட்டு, தோப்பி எனப் பல மதுவகைகளுக்குப் பெயருண்டு. ஆனால் கடல் கடந்து வந்ததென்ற சிறப்போடு இப்பாடலில் வருவது யவனத் தேறல்.

இச்சான்று உறுதியானதே. ஆயினும் அது சொல்வது எவ்வளவு என்பதையும் நோக்க வேண்டும். இது ஓர் அரசனுக்கான வாழ்த்து. அரண்மனையில் பொற்கலத்தில் பரிமாறப்பட்ட அரிய பொருளைப் பற்றியது. ஊரார் எல்லாரும் யவன மது அருந்தினர் என்று நக்கீரனார் எங்கும் சொல்லவில்லை. அரிதாக இருந்தமையாலேயே அது பாட்டில் இடம்பெற்றது என்றுகூட நாம் கருதலாம்.

வணிகர் தரும் சான்று

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்து நாட்டைச் சேர்ந்த கிரேக்க மொழி வணிகர் ஒருவர், செங்கடல் முதல் இந்தியக் கடற்கரை வரையிலான துறைமுகங்களைப் பற்றிக் கையேடு ஒன்று எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 'எரித்ரேயக் கடல் பயணக் கையேடு', அதாவது பெரிப்ளூஸ் என்று அந்நூல் அழைக்கப்படுகிறது. எந்தத் துறையில் எது விலைபோகும், எதை ஏற்றி வரலாம் என்பதே அதன் செய்தி. கற்பனைக்கோ புகழ்ச்சிக்கோ அங்கு இடமில்லை.

முசிறிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களுள் அவர் முதலில் சொல்வது நாணயம். அதுவும் பெருமளவில். பிறகு துணிகள், பவளம், கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம் என்று பட்டியல் நீள்கிறது. அதில் மதுவும் உண்டு. ஆனால் 'அதிகமில்லை' என்ற குறிப்போடு வருகிறது! குசராத்தில் உள்ள பரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது, இத்தாலிய மதுவுக்கே அங்கு முதலிடம் என்றும், சிரியாவின் லவோதிக்கேயா மதுவும் அரேபிய மதுவும் கூட விற்குமென்றும் எழுதுகிறார். அந்நாட்டு அரசனுக்கென்று தனியாக உயர்தர மது கொண்டுசெல்லப்பட்டதையும் குறிக்கிறார்.

ஆக, நம்மவர் யவனரிடம் எதிர்பார்த்தது முதன்மையாக மதுவை அன்று, பொன்னையும் வெள்ளியையும். அகநானூற்றின் 149-ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரும் இதையே சொல்கிறார். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் காட்சியை அவர் முசிறியில் காட்டுகிறார். வணிகர் கையேடும் புலவர் பாடலும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போகின்றன. வரலாற்றில் இவ்வாறு இரண்டு சான்றுகள் பொருந்தும்போது நம் நம்பிக்கை வலுப்பெறுகிறது.

இந்த வணிகத்தின் அளவு சிறியதன்று. ரோம் நாட்டு அறிஞர் பிளினி, இந்தியா மட்டுமே ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்வதாக எழுதினார். மற்றோரிடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாகப் பத்துக் கோடி என்றார். வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985-இல் பதிப்பிக்கப்பட்ட 'முசிறிப் பாப்பிரசு' என்னும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஆவணம், எர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கை மதிப்பிடுகிறது. வரி கழித்த பிறகும் அதன் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். அக்கப்பலில் வந்தவை கங்கைப் பகுதியின் நறுமணப் பொருளும் தந்தமும் போன்ற இந்தியச் சரக்குகள். இத்தகைய கணக்கில் மதுச்சாடிகளின் பங்கு சிறியது.

ஒரு சாடியின் பயணம்

சிறிய பங்கானாலும் அந்தச் சாடி நம் கரைக்கு வந்துசேர்ந்த வழியை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும்.

இத்தாலியின் காம்பானியா பகுதியில், வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத் திராட்சைத் தோட்டத்தில் மது தயாராகிறது. இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட நீண்ட மண்சாடியில் அதை நிரப்புகிறார்கள். ஆம்போரா என்பது அச்சாடியின் பெயர். ரோமானியர் அளவைக் கணக்கில் ஓர் ஆம்போரா சுமார் 26 லிட்டர். சாடி கசியாதிருக்க உட்புறம் பைன் மரக்கீல் பூசுவார்கள். கப்பலில் அலெக்சாந்திரியா சேர்ந்து, நைல் ஆற்றில் 12 நாள் எதிரேறிக் கோப்டோஸ் நகரை அடையும். அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில், பாலைவனத்தின் வெப்பத்துக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்து, மற்றுமொரு 12 நாளில் செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேவுக்கு வரும். இந்த நாள்கணக்குகள் பிளினி தருபவை. பெரெனிக்கேயில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டுப் பானையோட்டு ஆவணங்கள் பல, கப்பலுக்குச் செல்லும் சரக்கைச் சுங்கவாயிலில் கடக்கவிடுமாறு எழுதிய அனுமதிச் சீட்டுகள். அச்சீட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் சரக்கு மதுவே.

பிறகு செங்கடல் வாய் கடந்து, தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி 40 நாள் நடுக்கடல் பயணம். அதன் பின்னரே முசிறி. அங்கிருந்து கிழக்குக் கரைக்குச் செல்ல வேண்டுமானால் மேலும் ஒரு பயணம். பாசிர் கூடாங் துறைமுகத்தில் நாள்தோறும் கொள்கலன்கள் இறங்குவதைக் காணும் நமக்கு, ஒரு மண்சாடி உடையாமல் இவ்வளவு தொலைவு வந்தது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் அச்சாடியின் விலையில் மதுவைவிட வழிச்செலவும் வரியும் ஆபத்துமே அதிகம் என்பது எளிதில் விளங்கும்.

எதிர்த்திசையில் சென்ற சரக்குக்கும் சான்றுண்டு. அதே பெரெனிக்கேயில், 1999-இல், ஓர் இந்தியச் சேமிப்புச் சாடி நிறைய, சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. அவ்வூருக்கு வடக்கே உள்ள குசைர் அல் கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. யவனர் மட்டும் நம்மிடம் வரவில்லை. நம்மவரும் அங்குச் சென்றனர்.

அலமாரியில் இருந்த கழுத்துத்துண்டு

இனி அகழாய்வுக்கு வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்குக் கிடைத்த பொருள்களின் முதன்மையை உணர்ந்தார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியொன்றில் மண்சாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும் கொண்ட துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா அது என்று உடனே தெரிந்துகொண்டார். அது புதுச்சேரிப் பகுதியிலிருந்து வந்தது என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு அங்குச் சென்றார். 1945-இல் அகழாய்வு செய்தார். அடுத்த ஆண்டே அறிக்கை வெளிவந்தது.

ஆம்போரா ஓடுகளும் இத்தாலியச் செம்பளபளப்புக் கிண்ண ஓடுகளும் மணிகளும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் அங்குக் கிடைத்தன. வீலர் இதனை 'இந்திய ரோமானிய வணிகத்தளம்' என்றார். ரோமானியர் வந்த பின்னரே அவ்வூர் வளம்பெற்றது என்ற எண்ணம் அதனால் பரவியது. ஆனால் 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி குழுவினர், அவ்வூர் ரோமானியர் வருகைக்கு முன்பே வாழ்ந்த ஊர் என்று காட்டினர். மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவை என்று வீலர் கருதிய, உட்புறத்தில் வட்டவரிசைப் புள்ளிக்கோலம் கொண்ட மெல்லிய தட்டுகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதும் தெளிவாயிற்று. பேரறிஞர் ஒட்டிய பெயர்ச்சீட்டும் பிழைபடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரிக்கமேட்டின் ஆம்போரா ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் ஆராய்ந்தார். அவற்றுள் பெரும்பாலானவை மதுச்சாடிகள். கிரேக்கத் தீவான கோஸ் நாட்டு வகைச் சாடிகளும், அவற்றின் வடிவத்தைப் பின்பற்றி இத்தாலியில் செய்த சாடிகளும் அவற்றில் முதன்மையானவை. ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும், ரோமானியர் விரும்பிய மீன்சாற்றுச் சாடிகளும் சிலவுண்டு. இவ்விரண்டும் நம்மவர் சமையலில் இடம்பெற்றவை அல்ல. ஆகவே வந்து தங்கிய யவனர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஒரு பகுதி வந்திருக்கும் என்று கருத இடமுண்டு. மதுவிலும் ஒரு பகுதி அவர்கள் வாய்க்கே சென்றிருக்கலாம்.

மண் பேசும் உண்மை

சாடிக்குள் இருந்த மது ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஆவியாகிவிட்டது. அதன் சுவையை இனி யாரும் அறியார். ஆனால் அதைச் சுமந்த மண் பொய் சொல்வதில்லை.

காம்பானியாவின் மண்ணில் கருநிற எரிமலைத் துகள் கலந்திருக்கும். உடைந்த ஓட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் கருமணல் மின்னும். எனவே அச்சாடி பிறந்த இடம் வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிய பகுதி என்று அறுதியிட்டுச் சொல்ல முடிகிறது. கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில், பி. ஜே. செரியன் தலைமையில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கான ஆம்போரா ஓடுகள் வெளிவந்தன. அவ்வூரே பழைய முசிறியாகவோ அதன் பகுதியாகவோ இருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுவதற்கு இவ்வோடுகளும் ஒரு காரணம்.

இங்கே ஒரு திருப்பமும் உண்டு. இந்தியாவின் பல ஊர்களில் 'ரோமானிய ஆம்போரா' என்று பெயரிட்டு வைத்திருந்த ஓடுகளை ரொபெர்ட்டா டோம்பர் என்ற மட்பாண்ட அறிஞர் ஒன்றொன்றாக மறுபடியும் பார்த்தார். 2007-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் பல ரோமானியச் சாடிகளே அல்ல! கைப்பிடியில்லாத, நீண்ட, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசபொத்தேமியச் சாடிகள் அவை. அதாவது இன்றைய ஈராக், ஈரான் பகுதியிலிருந்து வந்தவை. காலமும் வேறு, ரோமானிய வணிகம் தளர்ந்த பின்னரும் பல நூற்றாண்டுகள் அவை வந்துகொண்டிருந்தன. இலங்கையின் அனுராதபுரத்திலும் மாந்தையிலும்கூட அவை கிடைத்துள்ளன.

ரோமாபுரி என்ற பெயர் நம் காதுக்கு இனிக்கிறது. அதனால் கிடைத்த ஓடெல்லாம் ரோமாபுரி ஓடு என்று நினைக்க மனம் விரும்பியது. பாரசீக வளைகுடாவோடு நமக்கிருந்த நெடுநாள் உறவு அந்தப் பெயர்ச்சீட்டின் அடியில் மறைந்துபோனது. தவறான பெயர் ஒன்றை எடுத்தவுடன் நம் வரலாறு சுருங்கவில்லை, விரிந்தது.

பெயருக்கு விலை

பெயரைப் பார்த்து மயங்குவது நம் காலத்துப் பழக்கம் என்று எண்ண வேண்டா. கி.மு. 149-இல் மறைந்த ரோமானியர் காத்தோ, வேளாண்மை பற்றி எழுதிய நூலில், இத்தாலியத் திராட்சையிலிருந்தே 'கோஸ் மது' செய்யும் முறையைக் கற்பிக்கிறார். கோஸ் தீவார் தம் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். ஆகவே கடல்நீரைக் கலந்துவிட்டால் கோஸ் மது ஆயத்தம்! சாடியின் வடிவத்தையும் அப்படியே செய்துகொண்டார்கள். அரிக்கமேட்டில் யாரேனும் ஒருவர் 'இது கோஸ் மது' என்று நம்பி வாங்கியிருந்தால், அது நேப்பிள்ஸ் பக்கத்துச் சரக்காக இருந்திருக்கவும் கூடும்.

பிளினியும் இதை எண்ணி வருந்தியவரே. மதுவறைகளின் பெயர்கள் மட்டுமே விற்பனையாகின்றன, மது தொட்டியிலேயே கலப்படமாகிவிடுகிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். கி.மு. 121-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளைச்சல் மது அவர் காலத்திலும் எஞ்சியிருந்தது. ஏறத்தாழ 200 ஆண்டில் அது கசப்பான தேன் போல் இறுகிவிட்டதாம். குடிக்க ஏற்றதன்று, பிற மதுவில் சிறிது சேர்க்கத்தான் பயன்பட்டது. விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

நம் காலத்துக்கு வருவோம். 1976-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் பாரிசு நகரில், பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைக்கும் போட்டியொன்று நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் நடத்தியது. ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் புள்ளியிட்டனர். வெள்ளை மதுவிலும் சிவப்பு மதுவிலும் முதலிடம் பெற்றவை, அதுவரை பெரிதாக மதிக்கப்படாத கலிபோர்னியா மதுக்கள். பெயர் தெரிந்திருந்தால் அம்முடிவு வந்திருக்குமா?

2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ நகரில் மதுவியல் பயின்ற 54 மாணவர்களிடம் வெள்ளை மதுவுக்குச் சிவப்பு நிறம் ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே மதுவைப் பத்து டாலர் என்று சொல்லியும் தொண்ணூறு டாலர் என்று சொல்லியும் கொடுத்தார்கள். தொண்ணூறு என்றபோது சுவை கூடியதாகச் சொன்னார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அவ்வாறே கிளர்ந்தது. எனவே விலை நாக்கில் இல்லை. காதில் இருக்கிறது என்று சொன்னால் பெரும் பிழையாகாது.

நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் பிறந்த ரூடி குர்னியாவான் இதனையே முதலாக்கியவர். அமெரிக்காவில் தம் வீட்டிலேயே மதுக்களைக் கலந்து, பழம்பெரும் பெயர்ச்சீட்டுகளை ஒட்டி, செல்வர்களுக்குப் பெருவிலைக்கு விற்றார். அவர் ஏலத்துக்கு அனுப்பிய சில புட்டிகளில், பொன்சோ என்ற பிரெஞ்சுக் குடும்பத்தார் 1945-இல் செய்ததாகப் போட்டிருந்தது. அக்குடும்பமோ அந்த வகை மதுவை 1980-களில்தான் செய்யத் தொடங்கியது! நாக்குகள் கண்டுபிடிக்காத பொய்யை ஆண்டுக்கணக்கு கண்டுபிடித்தது. 2012-இல் கைதான அவருக்கு 2014-இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2021-இல் அவர் நாடு கடத்தப்பட்டார்.

காணச் செல்வோருக்கு ஒரு சொல்

மதுத்தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்று உலகெங்கும் ஒரு சுற்றுலா. இந்தியாவிலும் மராட்டிய மாநிலத்தின் நாசிக் நகரில், 1999-இல் தொடங்கிய சூலா நிறுவனம், 2005-இல் சுவைக்கூடம் திறந்து பயணிகளை ஈர்த்தது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பழத்தை உண்டு மகிழலாம், மது தேவையில்லை.

நம் மாணவர்களும் பெற்றோரும் பள்ளி விடுமுறையில் தமிழகம் செல்வதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, கோயில்களோடும் துணிக்கடைகளோடும் அரிக்கமேட்டையும் பட்டியலில் சேருங்கள் என்பதே. ஆனால் அங்கும் விழிப்போடு பாருங்கள். மரங்களுக்கிடையே நிற்கும் பழைய செங்கல் சுவரைக் கண்டதும் "ரோமானியர் கட்டடம்!" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர் எழுப்பிய கட்டடத்தின் சிதைவு. உண்மையான அரிக்கமேட்டை நீங்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள்தான் காண முடியும். உடைந்த ஓடும், சிறு மணியும், தேய்ந்த எழுத்தும் அங்கே உள்ளன. கண்ணைக் கவரும் சுவர் ஒன்றும் சொல்லாது. கவராத ஓடு கதை சொல்லும். கேரளத்தில் முசிறி மரபுத் திட்டத்தின் வழியாகப் பட்டணம் பகுதியையும் காணலாம்.

யார் கொடுத்த விலை?

மதுவின் விலையைப் பேசும்போது இன்னொரு கணக்கையும் மறைக்கலாகாது. ஜொகூரின் பால்மரத் தோட்டங்களில் என் பாட்டனார் தலைமுறை அறிந்த மது யவனத் தேறல் அன்று. தோட்டக் கள்ளுக்கடையின் கள். அரசின் உரிமத்தோடு, தோட்ட நிர்வாகமே கடை நடத்தியது. ஒரு கையால் கொடுத்த கூலியில் ஒரு பகுதி மறு கைக்குத் திரும்பியது. 1947-இல் கெடா மாநிலத் தோட்டப்புறங்களில் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். காவல் துறையோடு மோதலும் ஏற்பட்டது. பெண்களும் அதில் திரண்டு நின்றார்கள். அவர்கள் மதுவின் மதிப்பை அளந்த கோல் வேறு. வீட்டில் எத்தனை பிள்ளைகள் பசியோடு படுத்தன என்பதே அந்த அளவுகோல்.

2018-இல் நம் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது பல உயிர்களைப் பறித்தது. மாண்டோரில் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். 2024-இல் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையாயினர். செல்வர் வீட்டுப் போலி மது பணத்தை இழக்கச் செய்கிறது. ஏழையின் போலி மது உயிரை எடுக்கிறது. திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகக் 'கள்ளுண்ணாமை'யை வைத்த வள்ளுவர், அறம் ஒன்றை மட்டுமல்ல, குடும்பத்தின் கணக்கையும் அறிந்தவர்.

மதுவை முற்றிலும் இழித்துரைப்பதும் சங்க காலத்துக்கு நேர்மை செய்வதாகாது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235-ஆவதாக உள்ளது. கள் சிறிதளவே கிடைத்தால் அதனை எமக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்று அவர் நினைந்து அழுகிறார். அந்தக் கள் எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்ற பேச்சே அங்கில்லை. பொற்கலத்துத் தேறலைவிட எனக்கு இந்தச் சிறிய அளவுக் கள்ளே விலைமதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. கொடுத்தவன் மனத்தால் அது விலை பெற்றது.

எது நம் பெருமை?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். யவன மது தமிழகத்துக்கு வந்தது உண்மை. அளவோ குறைவு. அரண்மனையிலும், வந்து தங்கிய யவனர் நடுவிலும் அது பயன்பட்டது. அதில் போலியும் கலந்திருக்கக்கூடும். ரோமானிய ஓடு என்று நாம் எண்ணியவற்றுள் பல மெசபொத்தேமிய ஓடுகள். இவ்வளவையும் சொன்ன பிறகும் நம் பெருமை குறையவில்லை. பாலைவனமும் பெருங்கடலும் கடந்து, நாணயப் பையோடு நம் மிளகைத் தேடி அவர்கள் வந்தார்கள் அல்லவா? வாங்க வந்தவன் அவன், விற்றவன் நாம். அவன் குடித்ததை நாமும் குடித்தோம் என்பதில் என்ன பெருமை இருக்கிறது?

ஆகவே வகுப்பறையில் நான் மூன்று வினாக்களைக் கற்பிக்கிறேன். இதைச் சொன்னவர் யார், அவருக்கு அதனால் என்ன பயன்? வேறொரு சான்று இதனோடு ஒத்துப்போகிறதா? இதன் விலையை உண்மையில் கொடுத்தவர் யார்? ஆறாம் ஆண்டு மாணவர்கள்கூட இம்மூன்றையும் பிடித்துக்கொள்கிறார்கள். 'அறிவுடைமை' அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும் இதைத்தான்.

நமக்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குலோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு கல் உள்ளது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில், அது பெரும்பத்தன் என்பவருடைய கல் என்று பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டளவில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் பொன்னை உரைத்துப் பார்த்த உரைகல் அது. இத்தீபகற்பத்துக்கு முற்காலத்தில் வந்த தமிழருள் ஒருவர் நமக்காக விட்டுச்சென்றது மதுச்சாடியை அன்று, பொற்கிண்ணத்தையும் அன்று. மெய்யையும் போலியையும் பிரித்துக் காட்டும் ஒரு கல்லை. அடுத்த விழா மேடையில் பேசவிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம்.